ஜாலான் புசார் மாடிக் கூடமும் ஹாலி ஹோம் வந்த வழியும்

சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி, சிட்டி ஸ்குவேர் மாலைத் தாண்டி ஜாலான் புசார் பக்கம் நடந்தால், விளக்குக் கடைகளுக்கும் குழாய்ச் சாமான் கடைகளுக்கும் நடுவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருக்கிறது இந்தக் கிக்பாக்சிங் கூடம். வாசலில் பெரிய பலகை எதுவும் இல்லை. படியேறும்போதே மேலே தொங்கவிட்ட பயிற்சிப் பையை உதைக்கும் சத்தம் கேட்கும், அதை வைத்துத்தான் பலரும் கண்டுபிடிக்கிறார்கள். கூடத்தின் பெயரைப் போட வேண்டாம் என்று பயிற்சி தரும் மாஸ்டர் கேட்டுக்கொண்டார். மாலை வகுப்புகளில் இப்போதே இடம் இல்லை, இன்னும் ஆள் கூடினால் ஒவ்வொருவரையும் கவனித்துச் சொல்லித்தர முடியாது என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான். அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன். அந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள்.

நானும் என் மகளும் இங்கே சேர்ந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. மகள் உயர்நிலை மூன்று படிக்கிறாள். நான் மருத்துவமனையில் எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். வேலையைச் சொல்லக் காரணம் உண்டு. கையை உடைத்துக்கொண்டு வருபவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். கோபத்தில் சுவரைக் குத்தியவர்கள், கைத்துணி சுற்றாமல் பையைக் குத்தியவர்கள் என்று வருவார்கள். பெரும்பாலும் உடைந்திருப்பது சுண்டுவிரலுக்கு நேர் கீழே உள்ளங்கையில் இருக்கும் எலும்புதான். குத்து சுட்டுவிரல், நடுவிரல் முட்டிகளில் விழ வேண்டும். அந்த இரண்டு எலும்புகளும் மணிக்கட்டோடு அசையாமல் பிணைந்திருப்பதால் அடியின் விசை நேராக முன்கைக்குப் போய்விடும். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மெல்லியது, அசையக்கூடியது. பழகாதவர்கள் கையை வீசிக் குத்தும்போது அந்தப் பக்கம்தான் முதலில் மோதும், உடையும்.

அதனால் எந்தக் கூடத்துக்குப் போனாலும், புதிதாக வந்தவரின் கைக்கு முதல் நாள் என்ன செய்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன். இதற்கு முன்னால் ஒரு பேரங்காடிக்குள் இருக்கும் உடற்பயிற்சி நிலையத்தில் மகளைச் சேர்த்திருந்தேன். இடம் பளபளவென்று இருக்கும், குளிர்சாதனம், வண்ண விளக்கு, காதைப் பிளக்கும் பாட்டு. முதல் நாளே கையில் கிளவ்ஸை மாட்டிப் பையின் முன்னால் நிறுத்தி, "அடி, அடி, இன்னும் வேகமா" என்றார்கள். கைத்துணி பற்றி யாரும் பேசவில்லை. எப்படிக் குத்தினாலும் "சூப்பர்" என்றுதான் சொன்னார்கள். இரண்டாவது வாரம் அவள் மணிக்கட்டு வீங்கி வந்தது. நல்லவேளை, எலும்புக்கு ஒன்றுமில்லை.

ஜாலான் புசாரில் முதல் வகுப்பு 1 மணி நேரம். அதில் பாதி நேரம் கைத்துணி சுற்றுவதிலேயே போனது. துணி 4.5 மீட்டர் நீளம். வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டுக்கு மூன்று சுற்று, அப்புறம் முட்டிகளுக்கு மூன்று, பிறகு விரல் இடுக்குகள் வழியாக ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து, கட்டைவிரலைச் சுற்றிப் பூட்டி, மிச்சத்தை மறுபடியும் மணிக்கட்டுக்கே கொண்டுபோக வேண்டும். சுற்றும்போது விரல்களை நன்றாக விரித்து வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் முஷ்டி பிடித்ததும் இறுகி விரல் மரத்துப்போகும். மாஸ்டர் ஒருவர் கையையும் விடாமல் பார்த்தார். என் கைக்கு வந்தபோது நடுவிரல் நகத்தை ஒரு முறை அழுத்தி விட்டு, வெளுத்த இடம் மறுபடி சிவப்பதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்ட கையை நாங்கள் சோதிப்பதும் இப்படித்தான். அந்த நிமிடமே பணம் கட்ட முடிவு செய்துவிட்டேன்.

மாஸ்டருக்கு வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். மலேசியாவின் ஜொகூர் பாருக்காரர், தினமும் எல்லையைக் கடக்கும் காசவே சாலை வழியாக வந்து போகிறார். அவர் உட்காரும் நாற்காலிக்கு மேலே சையது அப்துல் காதிரின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் மாட்டியிருக்கிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்காகக் குத்துச்சண்டை ரிங்கில் இறங்கியவர், 1974-ல் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வாங்கியவர். புதிதாக வரும் பிள்ளைகளிடம் மாஸ்டர் அந்தப் படத்தைக் காட்டாமல் விடமாட்டார். கூடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், இப்போது சிட்டி ஸ்குவேர் மால் நிற்கும் இடத்தில்தான் ஒரு காலத்தில் நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்கா இருந்தது. அங்கே மாலை நேரங்களில் குத்துச்சண்டையும் மல்யுத்தமும் நடக்கும். பூங்காவின் பழைய வாசல் வளைவு இன்னும் அங்கே நிற்கிறது. இந்த வட்டாரத்துக்குக் குத்துச்சண்டை புதிதல்ல என்பதில் மாஸ்டருக்கு ஒரு பெருமை.

சரி, தலைப்பில் சொன்ன குத்துச்சண்டை வீராங்கனை ஹாலி ஹோமுக்கு வருகிறேன். இந்தக் கூடத்தைப் பற்றி நான் சொல்ல நினைப்பது அவர் கதையில்தான் தெளிவாக இருக்கிறது.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அல்புகர்க்கி என்ற ஊர்க்காரர் ஹோம். 1981-ல் பிறந்தவர், அப்பா ஒரு தேவாலயப் போதகர். 16 வயதில் அவர் போய்ச் சேர்ந்தது சண்டை வகுப்பில் இல்லை. பாட்டுப் போட்டு, கூட்டமாக நின்று காற்றில் குத்தி, உதைத்து வியர்க்கும் ஏரோபிக்ஸ் கிக்பாக்சிங் வகுப்பில். நம் சமூக மன்றங்களில் நடக்கிறதே, அந்த மாதிரி. அந்த வகுப்பை நடத்தியவர் மைக் விங்கல்ஜான், அவரே ஒரு கிக்பாக்சர். பின்வரிசையில் நிற்பவர்களையும் உற்றுப் பார்க்கும் ஆள். இந்தப் பெண்ணிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டு, தனியாகக் கிக்பாக்சிங் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அங்கிருந்து கிக்பாக்சிங் போட்டிகள், அப்புறம் 2002-ல் தொழில்முறைக் குத்துச்சண்டை. 2013 வரை 38 போட்டிகளில் 33 வெற்றி, 2 தோல்வி, 3 சமன். மூன்று எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம். 2005-ல் கிறிஸ்டி மார்ட்டினை வென்றது அந்த 33 வெற்றிகளில் ஒன்று. அமெரிக்காவில் பெண்கள் குத்துச்சண்டைக்குக் கூட்டம் சேர்த்தவர் என்றால் முதலில் மார்ட்டின் பெயரைத்தான் சொல்வார்கள். 2022-ல் சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழரங்கத்தில் ஹோமுக்கு இடம் கிடைத்தது. இத்தனைக்கும் பயிற்றுநர் அதே விங்கல்ஜான்தான்.

வியர்த்தால் போதும் என்று காசு கட்டி வரும் 16 வயதுப் பெண்ணை வாடிக்கையாளராக மட்டும் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்த வகுப்பில் அவருக்கு உதையை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தவர் இருந்தார், அவர் உதைப்பதை ஒழுங்காகப் பார்த்தவரும் இருந்தார். நான் இந்தக் கூடத்தை மெச்சுவது இதற்காகத்தான். இங்கே "உடம்பு இளைக்க வந்தவர்", "போட்டிக்கு வந்தவர்" என்று இரண்டு வரிசை கிடையாது. சிராங்கூன் ரோட்டில் நகைக்கடையில் வேலை பார்க்கும் ஓர் அக்கா எங்கள் வகுப்பில் இருக்கிறார், பிள்ளைகள் எல்லாம் பல்கலைக்கழகம் போய்விட்டார்கள். அவர் ஜாப் (முன்னால் இருக்கும் கையால் விடும் நேர்குத்து) குத்திவிட்டுக் கையைக் கன்னத்துக்குத் திரும்பக் கொண்டுவராவிட்டால், போட்டிக்குத் தயாராகும் பையனைத் திட்டுவது போலவே மாஸ்டர் அவரையும் திட்டுகிறார். அந்த அக்காவின் முகத்தில் அப்போது ஒரு சந்தோஷம் தெரியும்.

என் மகள் விஷயத்திலும் இதுதான் நடந்தது. சேர்ந்த அன்று பதிவேட்டில் பெயர் எழுதச் சொன்னார்கள். இங்கே எல்லாமே காகிதம்தான், ஆப் எல்லாம் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர், "ஏம்மா, நீ இடது கையா?" என்றார். ஆமாம் என்றாள். "அப்ப வலது காலை முன்னால வச்சு நில்லு. எங்கயாவது வேற மாதிரி நிக்கச் சொன்னாங்களா?" முந்தைய இடத்தில் எல்லாரையும் ஒரே பக்கமாகத்தான் நிற்க வைத்தார்கள். பாவம், பலமான கையை முன்னால் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தடுமாறியிருக்கிறாள். ஹோமும் வலது காலை முன்னால் வைத்து நிற்பவர்தான், இடது கையும் இடது காலும் பின்னாலிருந்து வரும். இதைக் கேட்ட பிறகு மகள் அவருடைய பழைய போட்டிகளைத் தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தாள். நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன்.

வகுப்புகளின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. குத்துச்சண்டை தனி நாள், கிக்பாக்சிங் தனி நாள். பல இடங்களில் இரண்டையும் கலந்து ஒரு மணி நேரத்தில் அடைத்துவிடுவார்கள். ஆனால் இரண்டுக்கும் நிற்கும் விதமே வேறு. கிக்பாக்சிங்கில் கொஞ்சம் நிமிர்ந்து, இடுப்பை எதிராளிக்கு நேராகத் திருப்பி, முன்காலில் பாரம் வைக்காமல் நிற்பார்கள். தொடைக்கு வரும் உதையைத் தடுக்க அந்தக் காலைச் சட்டென்று தூக்க வேண்டுமே. குத்துச்சண்டையில் அப்படி நெஞ்சைக் காட்டி நின்றால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான், பக்கவாட்டில் திரும்பி, முழங்காலை மடித்து, தலையை ஓயாமல் ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் தலையாட்டலைக் கிக்பாக்சிங்கில் செய்தால், குனியும் முகத்துக்கு நேராக முழங்காலோ உதையோ வந்து சேரும். ஒன்றில் உயிர் காக்கும் பழக்கம் இன்னொன்றில் அடி வாங்கித் தரும். இதைத் தனித்தனி நாளில் சொல்லிக்கொடுத்தால்தான் உடம்பில் பதியும்.

கிக்பாக்சிங் நாட்களில் தாய்லாந்துக்காரர் ஒருவர் வகுப்பெடுக்கிறார், எல்லாரும் க்ரூ (தாய் மொழியில் ஆசிரியர்) என்று கூப்பிடுகிறோம். குறைவாகப் பேசுவார், ஆனால் சமார்ட் பயகரூன் பெயரை எடுத்தால் பேச்சு நிற்காது. பாங்காக்கின் லும்பினி அரங்கில் நான்கு எடைப்பிரிவுகளில் முவே தாய் (தாய்லாந்தின் குத்தும் உதையும் சேர்ந்த சண்டை) பட்டம், அப்புறம் 1986-ல் மெக்சிகோவின் லூப்பே பிந்தோரை வீழ்த்திக் குத்துச்சண்டையில் உலகப் பட்டம். அவருக்கும் முன்னால் சேன்சக் முவாங்சுரின் 1975-ல், தொழில்முறைக் குத்துச்சண்டையில் தன் மூன்றாவது போட்டியிலேயே உலகப் பட்டத்தை எடுத்திருக்கிறார். முவே தாயில் ஊறியவர்கள் குத்துச்சண்டைக்குப் போய் ஜெயிப்பது தாய்லாந்தில் வழிவழியாக நடப்பது. க்ரூ ஒன்று சொல்வார்: கையை மட்டும் மாற்றினால் போதாது, காலை மாற்றத் தெரிந்தவர்கள்தான் அப்படிப் போய் ஜெயித்தார்கள்.

ஹோமின் வாழ்க்கையில் இது இரண்டு முறை நடந்தது. உதையிலிருந்து குத்துக்கு, பிறகு குத்திலிருந்து மறுபடி உதைக்கு. பத்து வருடத்துக்கு மேல் காலைத் தூக்கவே கூடாத விளையாட்டில் இருந்துவிட்டு, குத்து, உதை, பிடி எல்லாம் சேர்ந்த கலப்புச் சண்டைக்குப் (எம்எம்ஏ) போனார். 2015 நவம்பரில் மெல்பர்னில் ரோண்டா ரௌசியை அவர் வீழ்த்தியதை விளையாட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள்கூடக் கேள்விப்பட்டிருப்பார்கள். அரங்கில் 56,214 பேர். ரௌசி அதுவரை தோற்றதே இல்லை, 2008 ஒலிம்பிக்கில் ஜூடோ வெண்கலம் வாங்கியவர், பிடித்தால் கையை முறுக்கி முடித்துவிடுவார். எல்லாரும் அந்தக் கடைசி உதையைத்தான் பேசுகிறார்கள். முதல் சுற்றைப் பாருங்கள். ரௌசி நேர்கோட்டில் பாய்ந்து வருகிறார், ஹோம் ஒரு அடி பக்கத்தில் விலகி இடது கையை முகத்தில் வைக்கிறார். மறுபடி பாய்ச்சல், மறுபடி விலகல், மறுபடி இடது கை. அது முழுக்கக் குத்துச்சண்டைக் கால். இரண்டாவது சுற்றில் இடது உதை கழுத்தில் விழுந்தபோது, அதுவரை அந்தப் பக்கத்திலிருந்து வந்தது பெரும்பாலும் கைதான்.

இதை மாஸ்டர் எங்களுக்குப் பேடில் (அடி வாங்கக் கையில் பிடிக்கும் மெத்தை) செய்து காட்டினார். இடது நேர்குத்துக்கும் இடது உயர உதைக்கும் முதல் அசைவு ஒன்றேதான், இடுப்பு திரும்புகிறது. எதிரில் நிற்பவருக்கு அந்த நொடியில் எது வருகிறது என்று தெரியாது. என் மகளைக் குத்து, குத்து, குத்து என்று பேடில் அடிக்கச் சொல்லிவிட்டு, சட்டென்று பேடைத் தலைக்குப் பக்கத்தில் உயர்த்தினார். உதை போய் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். அவளுக்கே நம்ப முடியவில்லை. மாதக்கணக்கில் வெறும் இடுப்பைத் திருப்பச் சொல்லிக்கொண்டிருந்தது எதற்கு என்று அன்று புரிந்தது.

ஹோமை நான் நேரிலும் பார்த்திருக்கிறேன், நம் ஊரிலேயே. 2017 ஜூன் 17, சிங்கப்பூர் உள்ளரங்கம். என் தம்பி டிக்கெட் வாங்கி வைத்திருந்தான். அப்போது ஹோமுக்கு 35 வயது, தொடர்ந்து மூன்று தோல்விகள். மீஷா டேட்டிடம் கழுத்துப் பிடியில் மாட்டி, தட்டிச் சரணடைய மறுத்து நினைவிழந்தார். அப்புறம் வாலென்டினா ஷெவ்செங்கோவிடமும், அவருக்குப் பிறகு ஜெர்மெய்ன் டி ராண்டமியிடமும் தோற்றார். இவர்கள் இருவரும் கிக்பாக்சிங்கிலிருந்து வந்தவர்கள். சிங்கப்பூரில் எதிரில் பிரேசிலின் பெத்தே கொரெய்யா. முதல் இரண்டு சுற்றுகள் மந்தம்தான், யாரும் யாரையும் நெருங்கவில்லை. எங்களைச் சுற்றி இருந்தவர்கள் பொறுமையிழந்து கத்த ஆரம்பித்தார்கள். மூன்றாவது சுற்றில் கொரெய்யா கையை ஆட்டி, வா என்று ஹோமை வம்புக்கு இழுத்தார். கொஞ்ச நேரத்தில் ஹோமின் இடது கால் தாடையில் விழுந்தது. கொரெய்யா சாய்ந்தார், மேலே ஒரு குத்து, அவ்வளவுதான். தாடையில் கால் படும் அந்தச் சத்தம் மேல் வரிசையில் இருந்த எங்களுக்கே கேட்டது. அந்த இரண்டு மந்தமான சுற்றுகளும் வீணில்லை என்பது இங்கே தூரம் பழகிய பிறகுதான் எனக்குப் பிடிபடுகிறது. எதிராளி எங்கே நிற்கிறார், எப்போது கை தாழ்கிறது என்று அவர் அளந்துகொண்டிருந்திருக்கிறார். எங்கள் கூடத்தில் இதற்கென்றே ஒரு பயிற்சி உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, அடிக்காமல், முன்னால் இருக்கும் கையால் மற்றவரின் தோளைத் தொட்டுவிட்டு விலக வேண்டும். பத்து நிமிடம் செய்தால் நாக்குத் தள்ளிவிடும்.

பேட் பிடிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இதில் இவர்கள் போல் கவனமானவர்களை நான் பார்த்ததில்லை. விங்கல்ஜானுக்கு 2009-ல் ஒரு விபத்து. பயிற்சியில் ஒருவருக்குப் பேட் பிடித்துக்கொண்டிருந்தபோது உதை தவறி முகத்தில் பட்டு, ஒரு கண்ணில் பார்வை போய்விட்டது. அதற்குப் பிறகும் அவர் ஹோமுக்குப் பயிற்சி கொடுப்பதை நிறுத்தவில்லை. இந்தக் கூடத்தில் செருப்பு வைக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு நகவெட்டி கயிற்றில் தொங்குகிறது. கால் நகம் வளர்ந்திருந்தால் பாயில் ஏற விடமாட்டார்கள். பேட் பிடிப்பவர் அதை முகத்துக்கு நேராக நீட்டிப் பிடிக்கக்கூடாது, தன் முன்கைகளோடு ஒட்டி, தாடையைத் தாழ்த்தி, உதை வரும் பக்கமாக உடம்பையும் திருப்பிப் பிடிக்க வேண்டும். மாணவர்கள் ஒருவருக்கொருவர் உயர உதைக்குப் பேட் பிடிக்க அனுமதி இல்லை. அதை மாஸ்டரோ க்ரூவோ மட்டும்தான் பிடிப்பார்கள். இதனால் வரிசையில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருப்பதில் எனக்கு வருத்தமே இல்லை.

பிள்ளைகளை அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு முக்கியமானது ஸ்பாரிங், அதாவது இருவர் எதிரெதிரே மோதிப் பழகுவது. முதல் 6 மாதம் கிடையவே கிடையாது. அதற்குப் பிறகும் 16 அவுன்ஸ் கிளவ்ஸ், தலைக்கவசம், பல்கவசம், காலுக்குக் காப்பு எல்லாம் இருந்தால்தான். வேகம் கூடினால் மாஸ்டர் கையைத் தட்டி நிறுத்திவிடுவார். 18 வயதுக்குக் கீழே தலைக்கு அடிப்பது கூடாது, உடம்புக்கு மட்டும். தலையில் அடிபட்டு யாருக்காவது தலைசுற்றலோ வாந்தியோ வந்தால், மருத்துவர் சொல்லும் வரை ஸ்பாரிங் இல்லை. ஸ்கேன் எடுத்தேன், ஒன்றுமில்லை என்று வந்து நிற்பவர்களிடமும் இதே பதில்தான். இது மிகச் சரி. மூளை அதிர்ச்சி பெரும்பாலும் சிடி ஸ்கேனில் தெரியாது. ஸ்கேன் இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும், அதிர்ச்சியைக் காட்டாது. தினமும் அந்தப் படங்களோடு வேலை செய்கிற எனக்கு, ஒரு குத்துச்சண்டைக் கூடத்தில் இதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்பது பெரிய ஆறுதல்.

ஹோமும் இதற்கு விலக்கில்லை. 2011 டிசம்பரில் சொந்த ஊரிலேயே பிரான்சின் ஆன் சோஃபி மத்தீஸ் அவரை 7-ஆம் சுற்றில் நாக் அவுட் செய்தார். பார்க்கவே முடியாத போட்டி அது. என் மகளை அதைப் பார்க்க வைத்துத்தான் ஸ்பாரிங் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். இந்த விளையாட்டில் என்ன நடக்கும் என்பது தெரிந்து அவள் இறங்கட்டும். 2012 ஜூனில் அதே மத்தீஸோடு மறுபடி மோதி, நெருங்க விடாமல் சுற்றிச் சுற்றி வந்து 10 சுற்றும் முடித்துப் புள்ளிகளில் ஜெயித்தார் ஹோம். மகள் அந்த இரண்டாவது போட்டியையும் பார்த்தாள். அவளுக்கு மிகவும் பிடித்தது அதுதான், மெல்பர்ன் அல்ல.

குறைகளும் இருக்கின்றன. குளிர்சாதனம் இல்லை. சுவரில் நான்கு காற்றாடி, அதில் ஒன்று எப்போதும் பழுது. ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் வகுப்பு கடினம், தண்ணீர் புட்டி இரண்டு கொண்டுபோங்கள். பெண்கள் உடை மாற்றும் அறையில் ஒரே நேரத்தில் மூன்று பேர்தான் நிற்க முடியும், குளிக்க ஒரே ஒரு ஷவர், அதிலும் சுடுதண்ணீர் வராது. நான் அப்படியே பூன் கெங் வீட்டுக்குப் போய்த்தான் குளிக்கிறேன், வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு இது சரிப்படாது. இரவலாகக் கொடுக்கும் கிளவ்ஸ் நாற்றம் தாங்க முடியாது. முதல் மாதத்திலேயே சொந்தமாக வாங்கிவிடுங்கள், 12 அவுன்ஸ் போதும், முடிந்ததும் உள்ளே துணியைத் திணித்துக் காற்றில் வையுங்கள். வகுப்பு ரத்தானால் வாட்ஸ்அப்பில் சொல்வார்கள், சில நாள் ஒரு மணி நேரம் முன்னால்தான் சொல்வார்கள். காசவேயில் நெரிசல் என்றால் மாஸ்டர் வர முடியாது, அவ்வளவுதான். மாடிக்கு லிஃப்ட் கிடையாது, படிகள் செங்குத்து. முழங்கால் வலி உள்ளவர்கள் முதலில் ஒரு முறை ஏறிப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

கட்டணம் மாதம் 8 வகுப்புக்கு 180 வெள்ளி, மாணவர்களுக்கு 120. சோதனை வகுப்பு 25 வெள்ளி, சேர்ந்தால் அதைக் கழித்துக்கொள்கிறார்கள். வருட ஒப்பந்தம், நிறுத்தினால் அபராதம் என்பதெல்லாம் இல்லை. மாதாமாதம் கட்டலாம், நோன்பு மாதத்திலும் பரீட்சை நேரத்திலும் நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். மலிவு என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு வகுப்பில் 14 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை, இரண்டு பயிற்றுநர்கள் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் பணத்துக்குத் தகுந்த மதிப்பு இருக்கிறது.

பாட்டுக்கு ஆடி, ஒரு மணி நேரத்தில் சட்டை நனைந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு முதல் இரண்டு மாதம் இங்கே சலிப்பாக இருக்கலாம். நிற்பது, நடப்பது, இடுப்பைத் திருப்புவது என்றே போகும். எடை குறையும், ஆனால் மெதுவாக. நாற்பது வயதுக்கு மேல் தொடங்க நினைக்கும் பெண்களைத் தயங்காமல் வரச் சொல்வேன். வயதைக் காரணம் சொல்லி இங்கே யாரும் உங்களுக்குச் சுலபமான வேலை கொடுக்க மாட்டார்கள். ஹோம் 12 வருட இடைவெளிக்குப் பிறகு 2025 ஜூனில் மறுபடி குத்துச்சண்டை ரிங்கில் ஏறி, தன்னைவிட மிகவும் இளையவரான யோலண்டா வேகாவைப் புள்ளிகளில் வென்றபோது அவருக்கு வயது 43. அடுத்த வகுப்பில் நகைக்கடை அக்கா அந்தச் செய்தியைக் கைப்பேசியில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

மகள் இப்போது வருட இறுதியில் நடக்கும் ஒரு தொடக்கநிலைப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். குத்துச்சண்டைதான், உதை இல்லை. மாஸ்டர் முதலில் அதைத்தான் செய்யச் சொன்னார், கால் அதுவாகத் திரும்பி வரும் என்றார்.

சேர நினைப்பவர்கள் சனிக்கிழமை காலை 10 மணி வகுப்புக்குப் போய்ப் பாருங்கள், அதில்தான் இப்போது இடம் இருக்கிறது. கால் நகத்தை வெட்டிவிட்டுப் போங்கள். கைத்துணி அங்கேயே 12 வெள்ளிக்குக் கிடைக்கும், அந்த முதல் அரை மணி நேரத்துக்குத் தாமதமாகப் போகாதீர்கள்.